தீட்டாத மூட்டை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்றுதான் எழுத நினைத்தேன், மனம் வரவில்லை. அம்மாவின் வலது கால் சுண்டுவிரலைச் செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவருகிறது, பயப்படாதே. நீ தவிப்பாய் என்று உன்னிடம் சொல்லவிடாமல் தடுத்தாள்.

அரிசி மில்லில் பாலிஷ் மெஷினுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். எனக்குக் காது மந்தம் என்று மூட்டை தைக்கும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த இரைச்சலில் முப்பது வருஷம் நின்றவனுக்குக் காதில் என்ன மிச்சம் இருக்கும்? அம்மாவோ, “முன்னாடி மட்டும் நான் சொன்னதைக் கேட்டீங்களாக்கும்” என்கிறாள்.

போனில் சொல்ல வாய் வராததை இதில் எழுதுகிறேன். அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் தவிடு போகாத அரிசியாகப் பார்த்து மூன்று மூட்டை அனுப்பினாய். மூன்றையும் நான் சைக்கிளில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோய், மெஷினில் இரண்டு தடவை ஓட்டி, வெள்ளை வெளேரென்று ஆக்கித்தான் வீட்டில் இறக்கினேன். உள்ளங்கையில் தேய்த்து, தவிட்டுப் பொடி துளியும் ஒட்டவில்லை என்று பெருமைப்பட்டேன். “பொண்ணு அப்படியே சாப்பிடத்தானே அனுப்பிச்சா” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். “பாலிஷ்காரன் வீட்டுல இதையா பொங்குறது” என்று எரிந்து விழுந்தேன். நீ விசாரித்தபோதெல்லாம், “நீ அனுப்புனதைத்தாம்மா சாப்பிடுறேன்” என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சின்ன வயதில் எனக்குக் கிடைத்தது பழுப்புச் சோறும் நொய்யும்தான். என்னைக் கட்டிக்கொண்டவள் தட்டில் வெள்ளைச் சோறு மட்டுமே விழ வேண்டும் என்று ஒரு வீம்பு. அது அன்பு என்றே நினைத்திருந்தேன்.

அரிசி ஒன்றால் மட்டும் இப்படி ஆகவில்லை என்றார் டாக்டர். ஆனால் சாப்பாடெல்லாம் மாற்றியாகிவிட்டது என்று நீ அவரிடம் சொல்லியிருந்தாயாம். அதை நம்பித்தான் அவரும் மருந்து கொடுத்திருக்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. உன்னைப் பொய்க்காரியாக்கியதும் நான்தான்.

உன் நான்காவது மூட்டை நேற்று வந்தது. அதை மில்லுக்குக் கொண்டுபோகவில்லை. அவள் கட்டிலில் கிடப்பதால் நானே உலை வைத்தேன். வெள்ளை அரிசிக்கு வைக்கிற அதே தண்ணீர், அதே நேரம். சோறு வேகாமல் விறைத்து நின்றது. இத்தனை வருஷம் அரிசியிலேயே புரண்டவனுக்கு இதைச் சமைக்கத் தெரியவில்லை பார். அவள் அதையே மென்றுகொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் தட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எத்தனை தம்ளர் தண்ணீர் என்று எழுது. என்மேல் கோபமென்றால் அம்மா பெயருக்கே எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். இந்தத் தடவை நீ சொல்வதை அப்படியே செய்கிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும், தாயே.

உன் அப்பா