போர்டில் கை வைக்காதே

அன்பு மகளே,

அன்பு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். நேரில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் இந்தக் கடிதம்.

மூன்று வருடமாக உன் பல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, எதிர் மாடிப் பல் டாக்டரிடம் போகிறவர்களை மடக்கி, "அங்க போனா பல்லோட தாடையும் வந்துடும்ங்க" என்று பயமுறுத்தி உனக்கு ஆள் பிடித்தேன். நீ என்னடாவென்றால், கஷ்டமான கடவாய்ப் பல்லையெல்லாம் சீட்டு எழுதி அவனிடமே அனுப்பியிருக்கிறாய். அவன் அழுகிற குழந்தைகளை உன்னிடம் அனுப்பியிருக்கிறான். அந்தச் சீட்டுகளிலேயே காதலும் வளர்ந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்த விஷயம், ஒன்பதாவதில் இரண்டு முறை உட்கார்ந்த இந்த மண்டைக்கு ஏறவில்லை.

காதலித்ததற்குக் கோபமில்லை. போன மாதம் என் சொத்தைப் பல்லைப் பிடுங்கியதே அவன்தான். உன் முன்னால் அலற வெட்கப்பட்டுத் திருட்டுத்தனமாகப் போனேன். கைராசிக்காரன்தான்.

ஆனால் நேற்று அவன், "மாமா, எப்படியும் கல்யாணம் ஆகப்போகுது, இவ இப்பவே போர்டைக் கழட்டிட்டு என் கிளினிக்லயே உட்காரட்டும்" என்றான். நீயும் தலையாட்டினாய். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போர்டைக் கழற்றினால் என்னவாம்? உன் பேர் எழுதிய போர்டடி அது!

நாளைக் காலை ஏணியோடு ஆள் வருகிறானாம். வரட்டும். அந்த ஏணியில் முதல் ஆளாக ஏறி நான் உட்கார்ந்துகொள்வேன். போர்டை இறக்குவதென்றால் முதலில் உன் அப்பனை இறக்கு.

இன்னும் கோபம் ஆறாத,
அப்பா