சோங்கு

2005 செப்ரெம்பர் 27, செவ்வாய்

என் அறைக்குள் பெட்டி வந்துவிட்டது. என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் என் அலுமாரிக்குள் சாம்பல் நிற இரும்புப் பெட்டி, சுவரோடு நான்கு ஆணி முறுக்கி நிற்கிறது. என் குளிர் ஜக்கெற்றுகள் கட்டிலில் குவிந்து கிடக்கின்றன. "கதவு வைச்ச அலுமாரி உன்ர அறையில மட்டும்தானே இருக்கு, பிள்ளை. சட்டப்படி பூட்டி வைக்கோணும்" என்றார் அப்பா.

சட்டம்! அந்தச் சட்டப் புத்தகத்தை வரி வரியாக அவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தது யார்? கோடை முழுக்க என் வகுப்புப் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். நான் துவக்குப் பாதுகாப்புப் பரீட்சைக்கு அப்பாவைப் படிப்பித்தேன். அவர் பாஸ். பரிசு எனக்கு, கட்டிலிலிருந்து நான்கு அடி தூரத்தில்.

உள்ளே இருப்பது மான் சுடும் துவக்கு. அப்பா வேலைசெய்யும் ஜன்னல் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் பற்றிக்கிடம் வாங்கியது. நவம்பரில் பற்றிக்கும் அவருடைய ஆட்களும் காட்டுக்குப் போவார்கள். இந்த முறை அப்பாவும் போகிறாராம். திருகோணமலையில் கோழி அறுக்கவே அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்ட மனிசன்.

அம்மா இன்று என் அறைக்குள் வரவில்லை. கதவடியில் நின்று தேத்தண்ணியை நீட்டினார்.

இந்தக் கொப்பியை இனி அந்தப் பெட்டிக்குக் கீழே ஒளிப்பேன். அம்மா அந்தப் பக்கமே போகமாட்டார். துவக்கால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை.

செப்ரெம்பர் 30

நித்திரை இல்லை. இரும்புப் பெட்டி சத்தம் போடாது என்று தெரியும். ஆனாலும் காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஒக்ரோபர் 2, ஞாயிறு

அப்பா சுட்டுப் பழகப் போய் வந்தார். வலது புயத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல். தோளில் வைக்கவேண்டியது வழுக்கிப் புயத்துக்கு வந்துவிட்டதாம். துவக்கின் பின்பக்க மரம் பற்றிக்கின் தகப்பனுடைய அளவுக்குச் செய்தது. அந்தக் குடும்பமே ஆறடிக்கு மேல். அப்பா ஐந்தடி மூன்று அங்குலம்.

ஓர் அங்குலம் வெட்டினால் சரிவரும். ஆனால் அந்த மரத்தில் செத்துப்போன தகப்பன் தன் பெயரின் முதல் எழுத்துக்களைக் கத்தியால் வெட்டி வைத்திருக்கிறார். வாள் படக்கூடாது என்று பற்றிக் சொல்லிவிட்டாராம். "இரும்பு உனக்கு, மரம் எனக்கு. வேற மரம் வாங்கிப் பூட்டிக்கொண்டு இதைத் திருப்பித் தா."

ஆக, வேறு மரம் வாங்கவேண்டும். கடைக்கு ரெலிபோன் எடுப்பது யார்? பட்டியல் வாசிப்பது யார்? வீட்டுக்காரரோடு சண்டை பிடிப்பது, அம்மாவின் பல் வைத்தியரிடம் போவது, மின்சாரக் கந்தோரில் மன்னிப்புக் கேட்பது எல்லாம் யார்? எனக்குப் பதினான்கு வயது. ஒன்பது வயதில், பிரெஞ்சு பேசும் இந்த ஊருக்கு வந்தேன். வந்த மறு வருடமே இந்த வீட்டின் வாய் நான்தான்.

ஒக்ரோபர் 5

பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம். வால்நட் மரம், பலகைகளை அடுக்கி ஒட்டிய மரம், பிளாஸ்ரிக். எது பனியில் ஊதிப் பருக்கும், எது பருக்காது. நாளைக்கு எனக்கு விஞ்ஞானச் சோதனை.

பிரெஞ்சில் அந்தப் பின்கட்டைக்கு 'கிறோஸ்' என்று பெயர். தமிழில் என்ன என்று தெரியவில்லை. குசினிக்குள் போய் அம்மாவைக் கேட்டேன்.

"சோங்கு" என்றார். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு இடது காதைப் பொத்தினார்.

அம்மாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதுக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"காய்ச்சல் இல்லையா?"

"தொண்ணூறாம் ஆண்டு. ஆமிச் சோதனைச் சாவடியில. அடையாள அட்டை எடுக்கக் கொஞ்சம் சுணங்கிப் போச்சு. அடிச்ச ஆமிக்காரனும் சின்னப் பெடியன்தான்." கரண்டியைத் திரும்ப எடுத்தார். "பருப்பு அடிப்பிடிக்குது. போய்ப் படி."

அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டு – தெரிந்துகொண்டே! – என் அறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

ஒக்ரோபர் 6

அப்பாவைக் கேட்டுவிட்டேன். "அது மனிசரை அடிக்கிற துவக்கு. இது மான் சுடுறது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அறைக் கதவை அடித்துச் சாத்தினேன்.

ஒக்ரோபர் 15, சனி

 இன்று துவக்குக் கடைக்குப் போனோம்.

கடை வில்லரே என்ற பகுதியில். போகும் வழியில் காருக்குள் அப்பா தானாகவே சொன்னார்: "அஞ்சு வருசமாச் சாப்பாட்டு மேசையில தனிய இருக்கிறன், பிள்ளை. நவம்பர் வந்தா அவங்கள் மானைத் தவிர வேற கதையே இல்லை. ஒரு மானைச் சுட்டுப்போட்டா நானும் அந்த மேசையில இருக்கலாம்." பாவம் என்று நினைத்தேன். அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன்.

கடைக்காரர் பெயர் அல்பேட், வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. துவக்கின் விபரம் கேட்டார்: என்ன வகை, எந்த ஆண்டு. எல்லாம் நான் சொன்னேன். பிறகு அப்பாவை முழங்கையை மடித்து நிற்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து சுடும் விரல் வரை நாடாவால் அளந்தார். அப்பா கை மடித்தபடி, பிச்சை கேட்கிறவர் மாதிரி, அசையாமல் நின்றார்.

"இந்த அளவுக்கு என்னிடம் சிறுவர் சோங்கு ஒன்று இருக்கிறது" என்றார் அல்பேட். கறுப்புப் பிளாஸ்ரிக்.

"என்னவாம்?"

"சின்னப் பிள்ளையளின்ர அளவுதான் உங்களுக்குச் சரியாம்."

நல்ல வடிவாக, ஆறுதலாகச் சொன்னேன். அப்பாவின் முகம் சுருங்கியது. "பிளாஸ்ரிக் வேண்டாம் எண்டு சொல்லு. மரமாக் காட்டச் சொல்லு."

கடையில் நின்ற இரண்டு ஆட்களில் ஒருவன் மற்றவனுக்குச் சொன்னான்: "இந்த உயரத்துக்கு, மான் இவரைத் தன் குட்டி என்று நினைத்து நக்கிவிட்டுப் போகும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஒன்றும் விளங்காமல், அவர்களை விடப் பலமாக, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். "என்ன பகிடியாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்டுமில்லை."

எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அப்பாவையும். ஏன் சிரிக்கிறீங்கள்? ஏன்!

கடைசியில் அடுக்குப் பலகை மரம் ஒன்றைத் தெரிவுசெய்தார். தேன் நிறமும் கறுப்பும் கோடு கோடாக. அல்பேட் அதைக் கடதாசியில் சுற்றும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது புது மாதிரிகளுக்குச் செய்த மரம். உங்களுடையது பழையது. பூட்டிய பிறகு, துவக்கு தானாக வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்புத் தட்டு மரத்தின் விளிம்பில் உரசலாம். உரசினால் முழுதாக விழாது, பார்க்க விழுந்தது போல இருக்கும். குண்டு போடாமல் சோதித்துப் பாருங்கள். உரசினால் கொண்டுவாருங்கள், நான் சும்மாவே அராவித் தருகிறேன். அது பார்க்காமல் காட்டுக்குப் போகவேண்டாம். அப்பாவிடம் சொல்."

"என்ன சொல்லுறார்?" என்றார் அப்பா.

"நல்ல மரமாம்."

அவ்வளவுதான் சொன்னேன்.

"மெர்சி, மெர்சி" என்று அப்பா அல்பேட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒக்ரோபர் 16

துவக்கு வேலை செய்யாமல் போகட்டும் என்றுதான் சொல்லாமல் விட்டேன். இறுகட்டும், பூட்டுப்படாமல் போகட்டும், பெட்டி என் அறையை விட்டுப் போகட்டும். வேறொன்றும் நினைக்கவில்லை.

ஒக்ரோபர் 22, சனி

புது மரம் பூட்டுப்பட்டுவிட்டது.

சாப்பாட்டு மேசையில் பழைய சீலை விரித்து, இரண்டே இரண்டு ஆணிகள், இருபது நிமிடம். அம்மா அறைக்குள் போய்த் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். அப்பா தோளில் வைத்துப் பார்த்தார். அளவு கச்சிதம். "எப்பிடி இருக்கு?" என்று என்னைக் கேட்டபோது முகம் சின்னப் பெடியன் மாதிரி இருந்தது. பாதுகாப்புத் தட்டைத் தள்ளினார். போனது. முழுதாகப் போனதா? "பார்க்க விழுந்தது போல இருக்கும்."

இப்போது சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால், 'ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை' என்று கேட்பாரே. என்ன சொல்ல?

ஒக்ரோபர் 26

பரீட்சைப் புத்தகத்தில் பதினோராம் பக்கம். பாதுகாப்புத் தட்டு பழுதானால் துவக்கு விழுந்தாலே வெடிக்கலாம். இதை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஒக்ரோபர் 31

இந்த ஊர் வழக்கப்படி பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் இனிப்புக் கேட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அவர்களுக்குக் கைகளை விரித்து மான் கொம்பு மாதிரித் தலையில் வைத்துக் காட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு அவர் மேல் கோபம். இன்னும் கோபம்தான். ஆனால் சாகக் கூடாது. அப்பா, நீங்கள் சாகக் கூடாது.

நவம்பர் 3, வியாழன்

நாளை காட்டுக்குப் போகிறார்கள்.

மத்தியானம் பள்ளிக்கூடத்துக் காசு ரெலிபோனில் இருந்து பற்றிக்கை அழைத்தேன். இலக்கம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. அல்பேட் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். பிரெஞ்சில் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது! அந்த மொழியில் எனக்கு அப்பா இல்லை.

"அப்பாவிடம் சொன்னாயா?" என்று கேட்டார் பற்றிக்.

"இல்லை."

 "சரி. நான் பார்க்கிறேன்."

நவம்பர் 6, ஞாயிறு

வந்துவிட்டார். உயிரோடு. மான் இல்லை.

சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பற்றிக் எல்லாற்ற முன்னாலயும் என்ர கையில இருந்து துவக்கை வாங்கிக் கழட்டினவன். தட்டு மரத்தில உரசிக்கொண்டு நிண்டது. அராவினவன். பேந்து 'உன்ர மகள் ரெலிபோன் எடுத்தவள்' எண்டான். எனக்கு விளங்கேல்லை. ரெண்டாந்தரமும் சொன்னவன்."

நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்குச் சொல்ல ஏலாதே, பிள்ளை? நான் இஞ்சதானே இருந்தனான்."

கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மான் குட்டிப் பகிடியை, என் கோடையை, அம்மாவின் காதை, எல்லாவற்றையும் முகத்தில் எறிந்திருப்பேன். கத்தவே இல்லை. போய்க் கை கழுவினார். அம்மா சோறு போட்டார். 

நவம்பர் 14, திங்கள்

பெட்டி போய்விட்டது.

பள்ளிக்கூடத்தால் வர, அலுமாரிக்குள் நான்கு ஆணி ஓட்டை மட்டும். ஜக்கெற்றுகள் திரும்பக் கொளுவியிருந்தன. துவக்கு பற்றிக்கின் கராஜில் நிற்குமாம், அம்மாதான் சொன்னார்.

என் தலையணையில், விளிம்பு நேராக, இந்தக் கொப்பி.

வாசித்தாரா? அப்பா ஒக்ரோபர் 15ஐ வாசித்தாரா? தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார் என்று எழுதியிருக்கிறேனே. கடவுளே.

வாசிக்காமல் வைத்தாரா? அப்படியென்றால் ஏன் இவ்வளவு நேராக வைத்தார்?

நவம்பர் 15

இனி எங்கே ஒளிக்க? ஒளிக்கவில்லை. மேசையில் கிடக்கிறது.

நவம்பர் 29

மின்சாரக் கந்தோர்க் கடிதம். வழமைபோலக் கையை நீட்டினேன். அப்பா அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். "நான் பார்க்கிறன்."

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போகிறார். பிரெஞ்சு வகுப்பாம். செவ்வாயும் வியாழனும்.

இதைத்தானே கேட்டேன்? நான்கு வருடமாக இதைத்தானே கேட்டேன். பிறகு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

2006 ஜனவரி 18

அப்பா ரெலிபோனில், கையில் தமிழ் எழுத்தில் எழுதிய கடதாசியோடு: "பொன்ஜூர். ஜு வூட்றே... ஜு வூட்றே..." 'வணக்கம், எனக்கு வேண்டும்' என்பதோடு நின்றுவிட்டது. அடுத்த சொல் எனக்குத் தெரியும். எழும்பினேன். என்னைப் பார்க்காமலே முதுகைத் திருப்பிக்கொண்டார். வியர்த்து வியர்த்து அம்மாவின் காதைக் காட்ட வைத்தியரிடம் ஒரு நாள் வாங்கிவிட்டார். பதினாறு வருடத்தில் முதல்முறை.

பெப்ரவரி 2, வியாழன்

பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுமுறை கேட்டு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

எல்லோரையும் போலவே வைத்தியரும் என்னைப் பார்த்துத்தான் கதைக்கத் தொடங்கினார். நான் வாய் திறந்தேன். அப்பா என் முழங்காலில் கை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். "டுஸ்மா, சில் வூ பிளே" என்றார் வைத்தியரிடம். மெதுவாக, தயவுசெய்து.

எப்படி நடந்தது, காய்ச்சலா, விபத்தா என்று வைத்தியர் கேட்டார். அப்பா கடதாசியைப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம். அந்தச் சொல் அதில் இல்லை. எனக்கு அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"கிறோஸ்" என்றார் அப்பா.

வைத்தியருக்கு விளங்கவில்லை.

அப்பா வலது முழங்கையை மடித்தார். அல்பேட் நிற்கச் சொன்ன அதே மாதிரி. இல்லாத துவக்கைத் தோளில் வைத்தார். பிறகு அதன் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "லா கிறோஸ். சொல்தா." சோங்கு, சிப்பாய். அதே கையை மெல்ல இறக்கி அம்மாவின் இடது காதை, தொடாமல், காட்டினார்.

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார்.

பிறகு நிறைய நேரம் விளக்கினார். அப்பா இரண்டு தரம் நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்தார். அம்மா நல்ல காதை அப்பாவின் பக்கம் திருப்பி, "என்னவாம்?" என்று கேட்டார். என்னையில்லை.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். செவிப்பறை இனிப் பொருந்தாது என்பது, கருவி பூட்டலாம் என்பது, முழுதாகக் கேட்காது என்பது, முதல் மாதம் தலையிடிக்கும் என்பது, இவ்வளவு காலம் வராதது பிழை என்று வைத்தியர் சொன்னதும்.

அப்பா ஒன்றையும் விடாமல் அம்மாவுக்குச் சொன்னார்.