அப்படியேதான் இருக்கிறார்

மாமா,

பரணைச் சுத்தம் செய்தபோது இன்று உங்கள் ரப்பர் செருப்பு கிடைத்தது. முன்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. "காலத் தூக்கி வைங்க மாமா, தரையோடயா ஒட்டி வச்சிருக்கு?" என்று மருமகளாக வந்த நான் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்! மறதி, படுக்கை நனைவது, எல்லாம் வயசானால் வருவதுதான் என்று நானே முடிவும் கட்டிவிட்டேன்.

சிதம்பரத்து டாக்டர்தான் மூளையில் நீர் தேங்கியிருக்கிறது, அதனால்தான் இதெல்லாம் என்றார். முதுகுத்தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்போம், நடை தேறினால் ஆபரேஷன் செய்து நீர் வடியக் குழாய் வைக்கலாம், தேறாவிட்டால் இந்த வயதில் தலையில் கை வைக்க வேண்டாம் என்றார். நீர் எடுத்த அன்று மாலை வரை மாற்றமே இல்லை. "சில பேருக்கு மறுநாள்தான் தெரியும். வீட்ல நடக்க வச்சுப் பாத்துட்டு போன் பண்ணுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, செம்மண்டலம் வீட்டில், நீங்கள் யாரையும் பிடிக்காமல் எழுந்து கேட் வரை போய் பேப்பரை எடுத்துக்கொண்டு திரும்பினீர்கள். செருப்பு தேயும் சத்தமே இல்லை. உங்கள் மகன் அந்த வாரம் வேலையாகச் சென்னையில் இருந்தார். பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டேன். கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தாள். "எப்படி இருக்காரும்மா?" என்றார் டாக்டர். யார் கேட்டாலும் ஒரே பதில் சொல்லிப் பழகின வாய்.

"அப்டியேதான் இருக்காரு சார்."

அக்கா போனதும் கேட்டீர்கள். "ஏம்மா, நான் நடந்தத நீ பாக்கலியா?"

"பாத்தேன் மாமா. அவுங்க எதிர்ல சொன்னா கண்ணு பட்டுடும். அப்புறமா போன் பண்ணிச் சொல்லிக்கலாம்."

"அப்ப சரி" என்று பேப்பரைப் பிரித்தீர்கள்.

நான் சொல்லவில்லை மாமா. கண் படும் என்பது மட்டும் காரணமென்றால் மத்தியானமே சொல்லியிருக்கலாம். மண்டையில் ஓட்டை போடுவார்களே என்ற பயம், ஆஸ்பத்திரியில் நான்தானே கிடக்க வேண்டும் என்ற அலுப்பு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உங்கள் மகன் போனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். எடுத்த நீர் திரும்பச் சேர்ந்துவிட்டது போலும், மூன்றாம் நாள் உங்கள் கால் மறுபடி தரையில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதினார். அப்புறம் படுக்கைதான், அதுவும் ஒரு வருஷம்கூட இல்லை.

"டெஸ்ட்லயே ஒண்ணும் தேறல, நாம என்ன பண்ண முடியும்?" என்று காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் உங்கள் மகன் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது. இன்னும் யார் கேட்டாலும் அவர் அதையே சொல்கிறார், நானும் தலையாட்டுகிறேன். அன்று காலை நீங்கள் நடந்தது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.