பூஞ்சணம் பிடித்த கிரெகெட்டோ

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இத்தாலியில் இப்போது கிரெகெட்டோ என்ற வெள்ளைத் திராட்சை பறிக்கும் காலம். பூஞ்சணம் பிடித்த குலைகளையெல்லாம், நல்லது செய்வதாக எண்ணிக் குப்பையில் வீசினேன். தோட்டத்து முதலாளியம்மா கத்தினாள். "அந்த அழுகல்லதான்டா இனிப்பு வைன் வடிக்கிறாங்க!" என்றான் என்னோடு வேலை செய்யும் சுதாகரன். சீ! கொழகொழத்த அத்தனையையும் வெறுங்கையால் திரும்பப் பொறுக்கினேன்.

இதே மனுசிதான் எங்கள் அறைக்குள் வந்து, நீங்கள் தந்த கருவாட்டை அழுகல் என்று வெளியே எறிந்தவள்.

சுதாகரன் லீவில் ஊருக்குப் புறப்படுகிறான், அவசரமாக எழுதுகிறேன். திரும்பும்போது அவனிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். பொரிக்க விடமாட்டாள். மோந்தாவது பார்க்கிறேன்.

உங்கள் மகன்,
ரதீஸ்