மேடையில் நைனா

நகரி, ஞாயிறு இரவு.

என் கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் பார்க்க நானும் அம்மாவும் இன்று திருப்பதி போயிருந்தோம். ஆல்பங்கள் நன்றாகவே இருந்தன. அந்த ஸ்டுடியோக்காரரையே பேசி முடித்திருப்போம். மேடையில் யார் யார் நிற்பீர்கள் என்று கேட்டார். நைனா வரமாட்டார் என்றேன்.

"பர்வாலேதும்மா, அவர் போட்டோ ஒண்ணு குடுங்க. கம்ப்யூட்டர்ல அம்மா பக்கத்துல நிக்க வெச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் வேறொருத்தியோடு போனவர் நைனா. விசைத்தறி ஓட்டி என்னைப் படிக்கவைத்தது அம்மா. அவள் பக்கத்தில் நிற்க அந்த ஆளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பர்ஸிலிருந்து நைனாவின் போட்டோவை எடுத்து நீட்டினாள்.

"இது போதுமா தம்பி?"

அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் கத்தினேன்.

"இத இன்னும் வெச்சிக்கினு இருக்கியா?"

"உன் கல்யாணப் போட்டோவுலயாவது கூட நிக்கட்டும்னு பாத்தேன்" என்றாள் அம்மா.

நிற்கக் கூடாது. நாளைக்கே புத்தூரில் வேறு ஆளைப் பார்க்கப் போகிறேன். போட்டோவை மட்டும் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன்.