காத்தூன் பீவி கொடுத்த முயல்

கிள்ளான்
1943 ஆகஸ்ட், ஷஅபான் மாதம்

அன்பு மகள் ரம்லத்துக்கு வாப்பா சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் உன் உம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பினாங்கில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். இது யார் எழுத்து என்று திகைக்காதே. என் கைதான், கோணல் எல்லாம் என்னுடையதுதான். இத்தனை காலம் நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுக் காத்தூன் பீவியின் மகன் தாவூத் எழுதுவான். ஊர் ஊராக மூட்டை சுமந்து விற்க இனித் துணியும் இல்லை, சுமக்க முட்டியும் இல்லை என்று ஆனபோது, சும்மா இருக்கிற நேரத்தில் படியுங்கள் நானா என்று, தன் உம்மாவைப் போலவே என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற அவன்தான் கதவின் உள்பக்கத்தில் தையல்காரரின் சாக்குக் கட்டியால் எழுதிக் கொடுத்தான். பாதி எழுத்து வருவதற்குள், மே மாதத்தில், பாசாரில் நின்றவனை ஜப்பான்காரர்கள் லோரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று மாத வேலைதான் என்றார்கள். மிச்ச எழுத்தைப் பழைய கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து நானே பிடித்துக்கொண்டேன். ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை இடிக்கும் நேரம் ஆகிறது. ஆனாலும் மகளே, எழுதிய வரி எழுதிய இடத்திலேயே நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, உன் உம்மா என்னைக் காற்று கருப்பு பிடித்தவன் மாதிரி பார்க்கிறாள். தாவூத் எழுதிய கடிதங்களில் நான் சொன்னதெல்லாம் இருந்ததா என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. நான் அரை மணி நேரம் சொல்வேன், அவன் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவான். இதைத் தபாலில் போடவில்லை, யார் யார் பிரிக்கிறார்களோ தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸில் இருக்கிற வாசு உங்கள் எதிர்க்கரையில் இருக்கிற பிறை ஸ்டேஷன் வரை வேலையாகப் போகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனும் பிரிப்பானோ என்று மரவள்ளி மாவில் பசை காய்ச்சி நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். கிழிந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்து.

இங்கே விசேஷம் என்னவென்றால் நம் வீட்டுக்கு ஒரு முயல் வந்திருக்கிறது. காத்தூன் பீவி கொண்டுவந்து கொடுத்தாள், சும்மா கொடுத்தாள். கோழி கூவினால் கூவிய இடத்தில் அதை அறுக்க ஆள் நிற்கிற காலம் இது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மாலையில் அதே கிழங்கில் அடை. இந்தக் காலத்தில் ஒருத்தி உயிருள்ள முயலைக் கொண்டுவந்து, நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் நானா என்று வைத்துவிட்டுப் போகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே உன் உம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முயல்கள் நிறைய இருந்தன, எல்லாம் ஒவ்வொன்றாகச் சட்டிக்குப் போயின. இது மட்டும் மிச்சம். கூண்டுக் கதவு விழுந்து இடது பின்னங்கால் முறிந்து, ஈர்க்குச்சி வைத்துக் கட்டி, எலும்பு கூடிவிட்டது. கட்டும் அவிழ்த்தாயிற்று. ஆனால் அது அந்தக் காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டே தத்தியது. மகளே, இதற்குச் செய்கிற பணிவிடையை நான் உனக்கும் செய்ததில்லை. கம்பித் தரை காலை அறுக்கும் என்று துணிப் பெட்டியைக் கூண்டாக்கி உள்ளே சாக்கு விரித்திருக்கிறேன். அது நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாதம் புண்ணாகும். ஊன்றாத காலில் நகம் தேயாமல் வளர்ந்து சுருள்கிறது, அதைக் கத்தரிக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் காதைச் சொறிந்துகொள்ளவும் அதற்குக் கால் எட்டாது, நான்தான் சொறிந்துவிடுவேன், கண்ணை மூடிக்கொண்டு காட்டும். சர்க்கரைவள்ளி இலையும் கங்கோங் கீரையும் தின்கிறது. மரவள்ளி இலையை மட்டும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, விஷம். எதையும் எழுந்து வந்து வாங்காது, இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதால் உன் உம்மா அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறாள். இதை உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது, கேள். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து நான் வீடு திரும்பும் நேரம் பார்த்துக் காத்தூன் பீவி ஒரு கட்டு கங்கோங்குடன் வந்துவிடுவாள். முயலை மடியில் வைத்து முதுகைத் தடவுவாள், தொடையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். சந்தையில் ஆடு வாங்குகிறவன் அப்படித்தான் பார்ப்பான். நல்லா தின்னுதா நானா, காலை ஊன்றுதா நானா என்று கேட்பாள். இரை நம் வீட்டில், கறி அவள் வீட்டில் என்பது திட்டமோ என்று நினைத்தேன். அவள் வீட்டில் எவன் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும், அவளுடைய மவுத்தான புருஷனின் தம்பி மைதீன் பிச்சை. ஆட்டுக்கறிக் கடையை மூடியதிலிருந்து அவன் கண் எதைப் பார்த்தாலும் எடை போடுகிறது. போகிற வருகிற போதெல்லாம் வாசலில் நின்று, என்ன நானா, நோன்புப் பெருநாளுக்கு ஆள் தயாராகுதா லா என்று சிரிக்கிறான். நான், இது நொண்டி, உன் ஒரு பல்லுக்கும் காணாது, போ என்று விரட்டினேன். உன் உம்மாவையும் நான் முழுதாக நம்பவில்லை. ஒரு நாள் பட்டை கிராம்பு எங்கே வைத்தேன் என்று தேடினாள். எதற்கு என்று கேட்டேன். பல்வலிக்கு என்றாள். கிராம்பு சரி, பட்டை எதற்கு? அதற்கு, இந்த மனுசனுக்கு எழுத்து வந்தது, புத்தி போயிற்று என்று திட்டுதான் வந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காத்தூன் பீவி வருவதைப் பார்த்ததும் முயலைத் தூக்கி என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, மூச்சு விட மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு செருப்பைச் செருகிவிட்டு, முயலைப் புல் மேய, தெரிந்தவர் வீட்டில் விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் சரி என்று உட்கார்ந்தாள். முயலுக்குப் பயம் வந்தால் பின்னங்காலால் தரையை அறையும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பெட்டி டங் டங் என்று அதிர்ந்தது. உன் உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காத்தூன் பீவி கோபப்படவில்லை. எழுந்து போய் மூடியைத் திறந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள், நான் இதைத் திங்கவா கொடுத்தேன் நானா, திங்கிறதா இருந்தா என் வீட்டிலேயே சட்டி இல்லையா, மைதீன் பிச்சை கண்ணுல இருந்து தப்பிக்கத்தானே கொண்டுவந்தேன், இந்த வீட்டு வரிசையில வாயில ஒத்தைப் பல்லுகூட இல்லாத ஆம்பளை நீங்க ஒருத்தர்தானே என்றாள். நான் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். பிறகு சொன்னாள். அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டது தாவூத். கைலியைக் கிழித்துக் கட்டினான், அடுத்த வாரம் அவனையே கொண்டுபோய்விட்டார்கள். மூணு மாசம்ங்கிறது அவங்க கணக்கு நானா, என் கணக்கு இந்தக் கால், இது ஊன்றி ஓடுறதும் என் புள்ள படியேறுறதும் ஒண்ணா இருக்கும் என்றாள். தொடையை அவள் பிடித்துப் பார்த்தது கறிக்காக இல்லை. 

இப்போது கேள். சென்ற செவ்வாய்க்கிழமை கூண்டைக் கழுவுவதற்காக அதை வெளியே விட்டேன். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, பிறகு அந்த முறிந்த காலைத் தூக்கிச் சரசரவென்று தன் காதைத் தானே சொறிந்தது. அப்புறம் நாலு காலும் ஊன்றி அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடி, நடுவில் ஒரு துள்ளு துள்ளித் திரும்பியது. நான் கை தட்டிவிட்டேன். என்ன என்ன என்று உன் உம்மா ஓடி வந்தாள். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன். மூன்று மாதமும் முடிந்துவிட்டது. சயாமிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் என்று காப்பார் ஊர்ப் பக்கத்தில் இரண்டு பேரைச் சொன்னார்கள். போய்க் கேட்டேன். அவர்கள் எதையும் சொல்ல விரும்பவில்லை, அவர்கள் கால்களைப் பார்த்த பிறகு நானும் அழுத்திக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே முயலுக்கு வயிறு முட்டக் கொடுத்துவிட்டேன், நிறையத் தின்றால் அது அசையாது. காத்தூன் பீவி வந்து மடியில் வைத்துக்கொண்டு, ஊன்றுதா நானா என்று கேட்டாள். எங்கே ஊன்றுது, இன்னும் தூக்கிக்கிட்டுத்தான் திரியுது, எலும்பு கூடினாலும் பயம் போகலை என்று சொன்னேன். அது காதைச் சொறிய எழும்புவதற்குள் நானே அவசரமாகச் சொறிந்துவிட்டேன். அவள் காலைப் பிடித்துப் பார்த்தாள். வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தாள். மெதுவா ஆகட்டும் நானா, அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். தரையில் விடுங்கள் பார்ப்போம் என்று ஒரு நாளும் கேட்காமல் போகாதவள் அன்றைக்குக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நினைத்து நினைத்து எனக்குக் கிழங்கு இறங்கவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

நீ மூன்று வேளையும் சாப்பிடுவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். பினாங்கில் மட்டும் மூன்று வேளை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நோன்பு வருகிறது, உடம்புக்கு முடியாவிட்டால் பிடிவாதம் பிடிக்காதே. மாப்பிள்ளையைப் பாசார் பக்கம் அநாவசியமாக நிற்க வேண்டாம் என்று சொல், லோரி நின்றால் வேறு தெருவில் திரும்பட்டும். உங்கள் இருவரையும் அல்லாஹ் தன் காவலில் வைத்திருக்கட்டும், தாவூத்துக்காகவும் நீ துஆ கேள். ஒன்றே ஒன்று மறக்காதே. பதில் எழுதும்போது முயலைக் கேட்டதாக எழுது, அதன் காலைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதாதே. உன் கடிதம் வந்தால் காத்தூன் பீவியும் வந்து உட்காருவாள். நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகத்தான் வாசிப்பேன். மனதுக்குள் வாசிக்க எனக்கு இன்னும் வரவில்லை. என்ன வருகிறது என்று தெரிவதற்குள் வாய் சொல்லிவிடும்.

உன் நலத்தையே நாடும் வாப்பா,
ஜெய்னுலாபுதீன்