கிண்ணத்தில் எழுந்த காசு

காயல்பட்டினம்,
வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மச்சானுக்கு ஸஹ்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் சுகம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? பக்கத்து வீட்டு சேக் காக்கா நாளை துபாய்க்குப் புறப்படுகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். உங்கள் அறையில் நாலு பேர் இருக்கும்போது சில பேச்சு எனக்கு வராது.

பி.எட். கடைசிப் பருவம். அறிவியல் பாடம் நடத்திப் பழக எங்களை ஆறுமுகநேரியில் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆன்லைனில் பாடம் எடுக்க யாருக்கெல்லாம் விருப்பம் என்று ஜெபசுதா மேடம் கேட்டபோது எல்லாரும் கை தூக்கினார்கள், என்னைத் தவிர. "ஏன் ஸஹ்லா, போன் உனக்குப் பழக்கந்தானே?" என்றார். "பழகித்தான் மேடம் வெறுத்துப்போச்சு" என்றேன். வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறவர்.

அப்புறம் எட்டாம் வகுப்பு முத்துச்செல்விக்கு அம்மை போட்டுவிட்டது. கேள்வி கேட்டே என்னைத் திணறடிக்கிற பிள்ளை. உப்பளத்தில் வேலை செய்யும் அவள் அம்மா பள்ளி வாசலில் தள்ளி நின்று, "பாடம் போவுதேன்னு அழுதுக்கிட்டே கெடக்கா டீச்சர். போன்ல காட்டுவாகளாமே, நீங்க காட்ட மாட்டீயளா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அவளை வீடியோ காலில் கூப்பிட்டு வகுப்பு ஸ்மார்ட் போர்டில் இணைத்தேன். அன்று ஒளிவிலகல் பாடம். எவர்சில்வர் கிண்ணத்தில் காசைப் போட்டு, அது விளிம்பில் மறைகிற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் காசு தெரியும். வகுப்பில் ஒருவர் பார்த்தால் அடுத்தவருக்குத் தெரியாது, ஒரே தள்ளுமுள்ளு. முத்துச்செல்வியோ தன் வீட்டுக் கிண்ணத்தின் எதிரே போனைச் சாய்த்து வைத்துவிட்டாள். அவள் அம்மா செம்பிலிருந்து ஊற்ற ஊற்ற, எங்கள் ஸ்மார்ட் போர்டில் காசு மெல்ல எழுந்து வந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒரே கண்ணால் பார்த்த மாதிரி கூச்சல் போட்டார்கள். என் கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்னால் அப்படிக் காட்டியிருக்க முடியாது.

"காசு கிட்ட வந்துட்டா டீச்சர்?" என்று முத்துச்செல்வி கேட்டாள். "இல்லம்மா, கெடந்த இடத்துலதான் கெடக்கு. நமக்குத்தான் பக்கத்துல வந்த மாதிரி தெரியுது" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்து அவள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மீதிப் பாடங்களுக்கும் அவளைப் போனில் சேர்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே மேடத்திடம் சொல்லிவிட்டேன். பாடத்துக்கு அது போதும் மச்சான்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று நேற்று போனில் கேட்டீர்கள். உங்கள் விருப்பம் என்றேன். என் விருப்பத்தை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உம்மா மாசிக் கருவாடும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்திருக்கிறார். இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஊர் திரும்பும் உங்கள் பயணத்தை அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக.

உங்கள்
ஸஹ்லா